லண்டன் ஹீத்ரோ – சூரிச்: எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணித்தியாலம்? நீங்களே கணக்குப் போட ஒரு முழு வழிகாட்டி

பெரியப்பா லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறார். சூரிச்சில் ஒரு கலியாணத்துக்குப் போக டிக்கெட் போட்டுக் கொடுத்தோம். அச்சடித்த தாளை மேசையில் விரித்து, பேனையால் நாலு இடத்தில் வட்டம் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, போகேக்க எட்டு மணிக்கு வெளிக்கிட்டுப் பத்தேமுக்காலுக்கு இறங்குதாம். வரேக்க பன்ரண்டுக்கு வெளிக்கிட்டுப் பன்ரண்டு அம்பதுக்கு இறங்குதாம். போக ரெண்டேமுக்கால் மணித்தியாலம், வர அம்பது நிமிசமோ? போறது என்ன கிழட்டுப் பிளேனோ?"

சிரிப்பு வந்தாலும், அவர் கேட்டதில் பிழை இல்லை. தாளில் இருப்பதை அப்படியே வாசித்தால் அதுதான் விடை. இணையத்தில் தேடினால் குழப்பம் இன்னும் கூடும்: ஒரு இடத்தில் 777 கிலோமீற்றர், இன்னொரு இடத்தில் 788, மூன்றாவது இடத்தில் 489 மைல், நாலாவதில் 425 மைல். நேரமும் அப்படித்தான், ஒரு மணித்தியாலத்தில் தொடங்கி இரண்டு வரை போகும். அத்தனையும் சரியான எண்கள்தான். ஒவ்வொன்றும் வேறு வேறு விடயத்தை அளக்கிறது, அவ்வளவுதான்.

அவசரமாக வந்தவர்களுக்கு விடை இது. ஹீத்ரோவிலிருந்து சூரிச் விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் ஏறக்குறைய 788 கிலோமீற்றர். வானத்தில் இருக்கும் நேரம் போகும்போது ஒன்றேகால் மணித்தியாலத்தை ஒட்டி, வரும்போது அதைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம் அதிகம். டிக்கெட்டில் போடும் நேரம் 1 மணி 40 நிமிடத்திலிருந்து 1 மணி 50 நிமிடம் வரை. வீட்டு வாசலிலிருந்து சூரிச் நகர நடு வரை நாலரை முதல் ஆறு மணித்தியாலம். இந்த எண்கள் எப்படி வருகின்றன, வேறு இரண்டு விமான நிலையங்களுக்கு நீங்களே எப்படிப் போட்டுப் பார்க்கலாம் என்பதுதான் மிச்சக் கதை.

முதலில் எந்த லண்டன் என்று பாருங்கள்

"லண்டன் – சூரிச்" என்று தேடினால் பெரும்பாலும் நகர நடுவிலிருந்து நகர நடுவுக்கான தூரம்தான் வரும். அதுதான் அந்த 777. ஆனால் விமானம் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிளம்புவதில்லை. லண்டன் என்ற பெயரை ஒட்டிக்கொண்டிருக்கும் முக்கிய பயணிகள் விமான நிலையங்கள் ஆறு: ஹீத்ரோ, கட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட். சூரிச்சுக்கு ஹீத்ரோவிலிருந்து 788, லண்டன் சிட்டியிலிருந்து ஏறக்குறைய 760, கட்விக்கிலிருந்து 755, லூட்டனிலிருந்து 808 கிலோமீற்றர். வானத்தில் இந்த வித்தியாசம் நாலைந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. தரையில் அது ஒன்றரை மணித்தியாலமாகக்கூட மாறும். அதைப் பிறகு பார்ப்போம்.

அந்தப் பக்கமும் கவனம் வேண்டும். மலிவாக இருக்கிறது என்று இன்னொரு சுவிஸ் நகரமான பாசலுக்கு டிக்கெட் போடுபவர்கள் உண்டு. பாசல் விமான நிலையம் இருப்பது பிரான்ஸ் நாட்டு மண்ணில். உள்ளேயே பிரெஞ்சுப் பக்கம், சுவிஸ் பக்கம் என்று இரண்டு வாசல். கூட்டத்தோடு கூட்டமாகப் பிரெஞ்சு வாசலால் வெளியே வந்துவிட்டு, கூட்டிப்போக வந்தவரைத் தேடி நின்றவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

தூரத்தைக் கையால் கணக்கிடுவது

பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரஸ் தேற்றம் போதும். கைபேசியில் கூகுள் வரைபடத்தைத் திறந்து, விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அகலாங்கும் நெட்டாங்கும் வரும். ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45. சூரிச்: வடக்கு 47.46, கிழக்கு 8.55.

அகலாங்கு வித்தியாசம் 4.01 பாகை. பூமியில் வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது 111.2 கிலோமீற்றர். (பூமியின் சுற்றளவை 360 ஆல் பிரித்தால் வருவது.) 4.01 ஐ 111.2 ஆல் பெருக்க 446. இது சூரிச் எவ்வளவு தெற்கே இருக்கிறது என்பது.

அடுத்தது நெட்டாங்கு. பலர் இங்கேதான் வழுக்குவார்கள். ஹீத்ரோ கிரீனிச் கோட்டுக்கு மேற்கே, சூரிச் கிழக்கே. ஆகவே கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்: 8.55 உடன் 0.45 சேர்த்து 9 பாகை. மறந்து கழித்துவிட்டால் தூரம் 736 ஆகச் சுருங்கிவிடும். லண்டன் சிட்டி விமான நிலையத்துக்கு இதே கணக்கைப் போட்டால் கழிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அது கிரீனிச் கோட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. ஒரே நகரம், நடுவால் கோடு.

கிழக்கு மேற்காக ஒரு பாகை எங்கும் ஒரே நீளம் இல்லை. நிலநடுக் கோட்டில் 111, வடக்கே போகப் போக ஒடுங்கி, துருவத்தில் பூச்சியம். தோடம்பழச் சுளை இரண்டு முனையிலும் மெலிவதுபோல. அதனால் இரண்டு இடத்துக்கும் நடுவான அகலாங்கை எடுத்து (இங்கே ஏறக்குறைய 49.5), அதன் கோசைனால் (கணிப்பானில் cos) பெருக்க வேண்டும். 49.5 பாகையின் கோசைன் 0.65. ஆகவே ஒரு பாகை 72.3 கிலோமீற்றர். ஒன்பது பாகைக்கு 651.

இப்போது செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. 446 இன் வர்க்கம் 198,916. 651 இன் வர்க்கம் 423,801. கூட்டினால் 622,717. வர்க்கமூலம் 789. பூமியின் வளைவைச் சேர்த்துக் கணினி போடும் துல்லியமான விடை 788. ஒரு கிலோமீற்றர்தான் வித்தியாசம்.

குறுந்தூரத்துக்கு இந்தத் தட்டையான கணக்கே போதும். தூரம் கூடும்போது பூமி உருண்டை என்பதை நினைவுபடுத்தும். லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கிக்கு இதே முறையில் போட்டால் ஏறக்குறைய 3,435 கிலோமீற்றர் வரும். உண்மைத் தூரம் 3,365. எழுபது கிலோமீற்றர் கூடக் காட்டுகிறது. இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணங்களுக்குப் பெருவட்டத் தூரம் கணக்கிடும் கருவியைப் பாவியுங்கள். உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் எது மிகக் குறுகிய வழியோ, அதற்குத்தான் பெருவட்டப் பாதை என்று பெயர்.

மைல் சிக்கல் ஒன்று மிச்சம். 489 என்பது சாதாரண மைல். 425 என்பது கடல் மைல், விமானிகள் பாவிப்பது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். விமானி அறிவிப்பில் மைல் என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்கிறார்.

விமானம் ஏன் அந்த நேர்கோட்டில் போவதில்லை

ஹீத்ரோவில் இரண்டு ஓடுபாதைகள், இரண்டும் கிழக்கு மேற்காக. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் எழும்ப விரும்பும். லண்டனில் பெரும்பாலான நாட்களில் காற்று மேற்கிலிருந்து. ஆக, தென்கிழக்கே இருக்கும் சூரிச்சுக்குப் போக வேண்டிய விமானம் முதலில் மேற்கே, வின்ட்சர் பக்கமாக எழும்புகிறது. பிறகு தெற்கே திரும்பி, கிழக்கே திரும்பி, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வட பிரான்சுக்குள் நுழைகிறது. தெருவில் தவறான பக்கம் பார்த்து நிறுத்திய காரைத் திருப்பி எடுப்பதுபோல, முதல் சில நிமிடங்கள் திரும்புவதற்கே போய்விடும்.

சூரிச்சில் நிலைமை இன்னும் சுவாரசியம். அங்கே மூன்று ஓடுபாதைகள். பகலில் பெரும்பாலும் வடக்கிலிருந்து, தென் ஜெர்மனிக்கு மேலாகத் தாழ்ந்து வந்து இறங்குவார்கள். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்க ஜெர்மன் ஊர்களுக்கு விருப்பமில்லை. வழக்கு, பேச்சுவார்த்தை என்று இழுபட்டு, கடைசியில் ஜெர்மனி கட்டுப்பாடு போட்டது. அதனால் அதிகாலையில் தெற்கிலிருந்து, வீடுகள் நெருக்கமான ஊர்களுக்கு மேலாக இறங்குகிறார்கள்; 2003 ஒக்டோபரில் தொடங்கிய அந்தத் தெற்கு வழியைப் பற்றி இன்றும் சூரிச்சில் வாய்ச்சண்டை ஓயவில்லை. இரவு 9 மணிக்குப் பிறகு (சனி, ஞாயிறில் 8 மணிக்குப் பிறகு) கிழக்கிலிருந்து, மூன்றிலும் குட்டையான 2,500 மீற்றர் ஓடுபாதையில் இறங்க வேண்டும். லண்டனிலிருந்து வரும் விமானம் மேற்கிலிருந்துதான் வருகிறது. ஆகவே இரவு விமானம் விமான நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போய், திரும்பி வந்து இறங்கும். ஜன்னலால் வெளிச்சங்களைப் பார்த்து "சூரிச் வந்திட்டுது" என்று நினைத்த பிறகும் சில நிமிடங்கள் பறந்துகொண்டிருந்தால் காரணம் இதுதான்.

இவை எல்லாம் சேர்ந்து 788 கிலோமீற்றர் பயணத்தில் உண்மையில் பறக்கும் தூரம் பல பத்துக் கிலோமீற்றர் கூடிவிடும். குறுந்தூரப் பயணங்களில் இந்தச் சுற்று எப்போதும் விகிதத்தில் பெரிதாகத் தெரியும்.

நேரத்துக்கு ஒரு சுருக்குவழி

ஏ320 வகை விமானம் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 830 கிலோமீற்றர் வேகத்தில் போகும். 788 ஐ 830 ஆல் பிரித்து 57 நிமிடம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. எழும்பும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இல்லை. இந்தப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதும் கிட்டத்தட்ட பாதித் தூரத்தை எடுத்துக்கொள்ளும். தேநீர் கொடுத்து முடிப்பதற்குள் வெற்றுக் கோப்பையைக் கேட்டு வருவது அதனால்தான்.

நான் பாவிக்கும் கணக்கு இது. நேர்த்தூரத்தை 800 ஆல் பிரியுங்கள். அதோடு 20 நிமிடம் கூட்டுங்கள். வருவது வானத்தில் இருக்கும் நேரம். சூரிச்சுக்கு 59 நிமிடமும் 20 உம் சேர்த்து 1 மணி 19 நிமிடம். பிறகு தரையில் ஊரும் நேரத்தைச் சேருங்கள்: ஹீத்ரோ போன்ற பெரிய இடத்தில் 20 நிமிடம், இறங்கும் பக்கம் 5 நிமிடம். மொத்தம் 1 மணி 44 நிமிடம். பெரியப்பாவின் டிக்கெட்டில் இருந்தது 1 மணி 45 நிமிடம்.

இன்னொரு பயணத்தில் சோதித்துப் பாருங்கள். ஹீத்ரோ – ஏதென்ஸ் நேர்த்தூரம் ஏறக்குறைய 2,425 கிலோமீற்றர். 800 ஆல் பிரிக்க 3 மணி 2 நிமிடம், 20 கூட்ட 3 மணி 22, தரை நேரம் 25 கூட்ட 3 மணி 47. டிக்கெட் நேரமும் இதைச் சுற்றித்தான் இருக்கும். திரும்பி வரும்போது கொஞ்சம் கூடும். காரணம் அடுத்தது.

காற்று தரும், காற்றே எடுக்கும்

ஐரோப்பாவின் மேல் உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். சூரிச் லண்டனுக்குத் தென்கிழக்கே இருப்பதால் போகும்போது பின்காற்று, வரும்போது எதிர்காற்று. மேற்கிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று என்றால், பாதை சாய்வாக இருப்பதால் அதில் 83 அளவுதான் தள்ளிவிடும். 830 இல் போகும் விமானம் தரையைப் பொறுத்தவரை 913 இல் போகும். திரும்பும்போது 747 ஆகக் குறையும். உயரத்தில் பறக்கும் 400 கிலோமீற்றருக்கு இது ஆறு நிமிட வித்தியாசம். குளிர்காலத்தில் உயரத்தில் ஓடும் வேகக் காற்றோட்டம் (ஜெட் ஸ்ட்ரீம்) மணிக்கு 200 கிலோமீற்றரைத் தொட்டால் பன்னிரண்டு நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் இன்னும் கொஞ்சம் சேரும்.

ஆனால் லண்டனுக்குத் திரும்பும்போது நேரம் கூடுவதற்குக் காற்று மட்டும் காரணம் இல்லை. இரண்டே ஓடுபாதைகளை வைத்துக்கொண்டு உலகத்தையே வரவேற்கும் இடம் ஹீத்ரோ. வரும் விமானங்களை வானத்தில் நாலு இடங்களில் வட்டமிட வைப்பார்கள்: போவிங்டன், லாம்போர்ன், ஓக்கம், பிக்கின். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நாலு நிமிடம். ஜன்னலோரம் இருந்தால் ஒரே நெடுஞ்சாலை, ஒரே குளம், ஒரே பச்சை வயல் இரண்டாம் முறை வருவதைக் காணலாம். இறக்கை ஒரு பக்கம் சரிந்தபடியே இருக்கும், வெயில் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போய்த் திரும்ப இடப்பக்கம் வரும். அப்போது பயப்பட ஒன்றுமில்லை, வரிசையில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

வட்டமிட்டு எண்ணெயை எரிப்பதைக் குறைக்க 2014 இல் ஒரு முறையைச் சோதித்தார்கள். ஹீத்ரோவில் நெரிசல் என்றால் 350 கடல் மைல் தூரத்திலேயே விமானத்தை மெதுவாக வரச் சொல்வது. சூரிச் இருப்பது 425 கடல் மைலில். அதாவது எழும்பி ஆசுவாசப்படுவதற்குள் "மெல்ல வா" என்று சொல்லிவிடக்கூடிய தூரம்.

டிக்கெட்டை வாசிப்பது எப்படி

பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் மணிக்கூட்டு நேரம். சூரிச் எப்போதும் லண்டனுக்கு ஒரு மணித்தியாலம் முன்னால். கோடை, குளிர் மாற்றமும் இரண்டு நாடுகளிலும் ஒரே நொடியில் நடக்கும், மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும். ஆகவே வருடம் முழுக்க அந்த ஒரு மணித்தியாலம் மாறாது.

கிழக்கே போகும்போது இறங்கும் நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்தைக் கழியுங்கள். 10:45 என்பது லண்டன் மணிக்கூட்டில் 9:45. எட்டிலிருந்து எண்ணினால் 1 மணி 45 நிமிடம். மேற்கே வரும்போது கூட்டுங்கள். லண்டன் 12:50 என்பது சூரிச்சில் 13:50. பன்னிரண்டிலிருந்து 1 மணி 50 நிமிடம். கிழட்டுப் பிளேன் இல்லை.

அந்த 1 மணி 45 நிமிடமும் கதவடியிலிருந்து கதவடி வரை: விமானம் நிறுத்திடத்தை விட்டுப் பின்வாங்குவதிலிருந்து, போய் நிற்பது வரை. அதற்குள் நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நேரத்தையும் ஒளித்து வைப்பார்கள். இருபது நிமிடம் பிந்தி எழும்பியும் "நேரத்துக்கு வந்து சேர்ந்தோம்" என்று அறிவிப்பது அந்த ஒளித்த நேரத்தின் தயவால்தான்.

விமான அட்டவணையும் மணிக்கூடு மாறும் அதே இரண்டு ஞாயிறுகளில்தான் மாறும். ஏப்ரல் பயணத்துக்கு டிசம்பரில் டிக்கெட் போட்டவர்கள் மார்ச் மாதத்தில் ஒரு தடவை நேரத்தைத் திரும்பப் பாருங்கள்.

உண்மை நேரத்தைக் கண்டுபிடிப்பது

கணக்கை நம்பாதவர்களுக்கு, அல்லது இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு, ஒரு வழி இருக்கிறது. ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போடுங்கள். கடந்த ஏழு நாள் பயணங்கள் காசில்லாமல் தெரியும். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எழும்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று தாளில் எழுதுங்கள். சராசரி வேண்டாம், மிக மோசமான நாளைப் பாருங்கள். ஏழு நாளில் மூன்று நாள் நாற்பது நிமிடம் பிந்தியிருந்தால், அந்த விமானத்தை நம்பிக் கலியாண முகூர்த்தம் குறிக்காதீர்கள்.

பொதுவாகக் காலை முதல் விமானம் நம்பத்தக்கது, ஏனென்றால் விமானம் பெரும்பாலும் முந்தின இரவே வந்து நிற்கும். பகலில் ஒரு இடத்தில் பிந்தினால் அடுத்தடுத்த பயணம் எல்லாம் பிந்தும், மாலையில் அது உச்சத்தில் இருக்கும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை சூரிச்சில் பனிமூட்டம் வேறு. வானம் நெரிந்தால் ஐரோப்பிய வான் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும், பிரசெல்சிலிருக்கும் யூரோகொன்ட்ரோல் ஒவ்வொரு விமானத்துக்கும் எழும்பும் நேரம் ஒன்று கொடுக்கும். அந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னும் பத்து நிமிடம் பின்னும்தான் சலுகை. கதவைப் பூட்டிவிட்டு அசையாமல் நிற்கும் விமானம் பெரும்பாலும் அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கும்.

கடைசி விமானத்தில் போவதை நான் தவிர்ப்பேன். சூரிச்சில் இரவு 11 மணியோடு வேலை முடிவு. பிந்திய விமானங்களுக்கு 11:30 வரை அனுமதி. அதற்குள் எட்டாது என்றால் லண்டனிலேயே படுக்க வேண்டியதுதான்.

வீட்டு வாசலிலிருந்து கோவில் வாசல் வரை

உங்கள் நாளைத் தின்பது 788 கிலோமீற்றர் இல்லை, அதன் இரண்டு முனையும்தான். பெரியப்பாவின் பயணத்தையே எடுப்போம். ஈஸ்ட்ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் பாதையில் வைட்சப்பல், அங்கே எலிசபெத் பாதைக்கு மாறி ஹீத்ரோ: ஒன்றேகால் மணித்தியாலம். இரண்டு மணித்தியாலம் முன்னதாகப் போய் நிற்பது. விமானம் 1 மணி 45 நிமிடம். சூரிச்சில் கடவுச்சீட்டு, பெட்டி எல்லாம் முடிய முக்கால் மணித்தியாலம். நகரத்துக்கு ரயில், காத்திருப்போடு 20 நிமிடம். கூட்டினால் ஆறு மணித்தியாலம் ஐந்து நிமிடம். அதில் வானத்தில் இருப்பது ஒன்றேகால்.

இனி அதே மனிதரை லண்டன் சிட்டியிலிருந்து அனுப்புங்கள். அது ஈஸ்ட்ஹாமுக்குப் பக்கத்து விமான நிலையம், காரில் கால் மணித்தியாலம். சின்ன இடம் என்பதால் ஒன்றேகால் மணித்தியாலம் முன்னதாகப் போனாலே தாராளம். தரையில் ஊரும் நேரமும் குறைவு, ஆகவே கதவடியிலிருந்து கதவடிக்கு 1 மணி 35 நிமிடத்தை ஒட்டி வரும். மொத்தம் நாலேகால், நாலரை. தூரத்தில் 28 கிலோமீற்றர்தான் குறைவு, நேரத்திலோ ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் மிச்சம். டிக்கெட் விலை கூடுதல்தான். அந்த விமான நிலையத்தைச் சனி மத்தியானம் மூடினால் ஞாயிறு மத்தியானம்தான் திறப்பார்கள். சத்தமில்லாத வார இறுதி வேண்டும் என்ற அயலவருக்காக. சனியிரவுக் கலியாணத்துக்குப் போய் ஞாயிறு காலையில் திரும்ப நினைப்பவர்களுக்கு இது சரிவராது. ஹரோ, வெம்பிளி பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ், அவர்களுக்கு ஹீத்ரோதான்.

ஆவண விடயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவிற்சர்லாந்து செங்கனுக்குள் (தங்களுக்கிடையே எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு), பிரித்தானியா வெளியே. பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தால் சுவிசுக்கு விசா வேண்டாம், ஆனால் 2025 ஒக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையால் முதல் தடவை விரல் ரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். அரை மணித்தியாலம் கூட்டி வையுங்கள். சுவிஸ் கடவுச்சீட்டுக்காரர் லண்டன் வர 2025 ஏப்ரல் முதல் இணையத்தில் முன் அனுமதி எடுக்க வேண்டும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு நாட்டு வதிவிட அட்டை மற்ற நாட்டுக்கு உதவாது. இரண்டு பக்கமும் விசாதான்.

சூரிச்சில் லண்டன் விமானம் சில வேளை தள்ளியிருக்கும் இ முனையத்தில் நிற்கும். அங்கிருந்து நிலத்துக்கடியில் ஒரு குட்டி ரயில். அது ஓடும்போது ஒலிபெருக்கியில் பசு மாட்டு மணிச் சத்தமும் "ம்மா" என்ற கத்தலும் கேட்கும். முதல் தடவை வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ரயில் நிலையம் விமான நிலையத்துக்குக் கீழேயே இருக்கிறது, சூரிச் தலைமை நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். கோவிலுக்குப் போகிறவர்களுக்கு அந்த ரயிலும் தேவையில்லை. பக்கத்து ஊரான கிளாட்புரூக்கிலேயே சிவன் கோவில் இருக்கிறது.

ரயிலில் போனால்?

யூரோஸ்டாரில் பாரிசுக்கு இரண்டேகால் மணித்தியாலத்தை ஒட்டி. பாரிசில் வடக்கு நிலையத்திலிருந்து லியோன் நிலையத்துக்கு மாற வேண்டும், ஆர்இஆர் டி என்ற நகர ரயில் பாதையில் இரண்டாவது தரிப்பு. அங்கிருந்து அதிவேக ரயில் சூரிச்சுக்கு நாலு மணித்தியாலம். இடையில் காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒன்பது மணித்தியாலம் வரும். இரண்டு பெரிய பெட்டியும் பலகாரப் பெட்டியும் உள்ளவர்கள் ஒருவேளை இதைத்தான் விரும்புவார்கள். எடை நிறுக்க யாரும் இல்லை.

பிந்தினால் தூரம் காசாகும் இடம்

நேர்த்தூரத்தைத் தெரிந்து வைத்திருப்பதில் நேரடி இலாபம் இங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி இழப்பீட்டைத் தூரத்தை வைத்துத்தான் தீர்மானிக்கிறது, அந்தத் தூரத்தைப் பெருவட்ட முறையில் அளக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. 1,500 கிலோமீற்றர் வரை 250 யூரோ. அதற்கு மேல் 400, 600 என்று ஏறும். பிரித்தானியா தன் சட்டத்தில் அதையே 220, 350, 520 பவுண் என்று வைத்திருக்கிறது. சுவிற்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் 2006 முதல் இந்த விதியை ஒப்பந்தம் மூலம் ஏற்றிருக்கிறது. ஆகவே 788 கிலோமீற்றர் என்றால் லண்டனிலிருந்து போகும்போது 220 பவுண், சூரிச்சிலிருந்து வரும்போது 250 யூரோ என்ற வகுப்பு. காலநிலை போன்ற நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றால் இழப்பீடு இல்லை. ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காக்க வைத்தால் சாப்பாடு தர வேண்டும், காரணம் எதுவானாலும்.

மூன்று மணித்தியாலப் பிந்தலுக்கு இழப்பீடு என்பது 2009 இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. சுவிஸ் நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்பதால் அங்கே வழக்கென்று போனால் இழுபறிதான்.

அந்த மூன்று மணித்தியாலத்தை எப்போது வரை எண்ணுவது? சக்கரம் தரையைத் தொடும்போதா? இல்லை. விமானத்தின் ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்று ஆகும்போது. 2014 இல் அதே நீதிமன்றம் தீர்த்தது இது. 2 மணி 55 நிமிடம் பிந்தித் தரைதொட்டு, நிறுத்திடம் கிடைக்காமல் கால் மணித்தியாலம் நின்றால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். கதவு திறக்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள், நேரம் அதிலேயே பதிந்துவிடும்.

இணைப்புப் பயணத்துக்கு இன்னொரு நுணுக்கம். லண்டனிலிருந்து சூரிச் வழியாக ஏதென்ஸ் போகிறீர்கள், ஒரே பதிவு. தூரத்தை இரண்டு துண்டாக அளந்து கூட்டுவதில்லை. முதல் இடத்திலிருந்து கடைசி இடத்துக்கு நேராக அளந்து 2,425 என்றுதான் எடுப்பார்கள், நடுவில் எவ்வளவு சுற்றினாலும். இதுவும் 2017 இல் தீர்ந்த வழக்கு.

எந்தப் பக்கம் உட்காருவது

பெரியப்பாவின் கடைசிக் கேள்வி இதுதான். சூரிச்சுக்குப் போகும்போது வலப்பக்க ஜன்னல். விமானம் தென்கிழக்கே போவதால் தெற்கே இருக்கும் ஆல்ப்ஸ் மலை அந்தப் பக்கம்தான் எழும்பி வரும், வானம் தெளிவாக இருந்தால் இறங்கத் தொடங்க முன்பே வெள்ளை வரி ஒன்று தெரியும். திரும்பும்போது மலைக்கு இடப்பக்கம், லண்டனுக்கு வலப்பக்கம்: மேற்குக் காற்று நாளில் நகரத்துக்கு மேலாகவே தாழ்ந்து வருவதால் தேம்ஸ் ஆறு வளைந்து வளைந்து கீழே ஓடும்.

அவர் வலப்பக்கம் பதிந்தார். போகேக்க முழுக்க முகில். வரேக்க பிக்கினில் மூன்று சுற்று. "ஒரே காசில கென்டை மூண்டு தரம் பார்த்தன்" என்றார்.